எம்டன் (1908–1914)

எம்டன், ஜெர்மன் பேரரசின் கடற்படையைச் சேர்ந்த இலகுரகக் குரூசர் போர்க்கப்பல். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதால் தமிழ்நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது. தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் பலர் இதை நீர்மூழ்கிக் கப்பல் என்றே எழுதியிருக்கிறார்கள். மேடைப் பேச்சிலும் அப்படியே சொல்லப்படுகிறது. அது பிழை. மூன்று புகைபோக்கிகளும் நிலக்கரிக் கொதிகலன்களும் கொண்டு, புகை கக்கியபடி கடலின் மேற்பரப்பிலேயே ஓடிய கப்பல் இது.

சென்னை தாக்கப்பட்ட அதே நாளின் காலையில், வட கடலில் உண்மையான நீர்மூழ்கியான யூ-9 மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை அடுத்தடுத்து மூழ்கடித்தது. 1,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் ஜெர்மன் பேரரசர் இரும்புச் சிலுவை விருது அளித்த கப்பல்கள் இரண்டே: யூ-9, எம்டன். இரண்டும் ஒரே மூச்சில் பேசப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் எம்டனின் துணிச்சலை முழுதாக உணர வேண்டுமானால் அது நீருக்குள் மறைய முடியாத கப்பல் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இது டான்சிக் நகரில், இன்றைய போலந்தின் கிடான்ஸ்கில், அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 1908 மே 26 அன்று நீரில் இறக்கப்பட்டு 1909 ஜூலையில் பணியில் சேர்ந்தது. நீளம் 118 மீட்டர்; வேகம் மணிக்கு 23.5 கடல் மைல், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, டார்பிடோ குழாய்கள் இரண்டு. 1910 ஏப்ரலில் ஜெர்மனியை விட்டுப் புறப்பட்டு, சீனக் கரையில் ஜெர்மானியர் வசம் இருந்த சிங்தாவ் துறைமுகத்துக்குப் போனது. அதன்பின் தாய்நாடு திரும்பவேயில்லை. 1911 ஜனவரியில் பசிபிக் தீவான பொனாப்பேயில் மக்கள் கிளர்ச்சியை அடக்கும் பணியிலும் பங்கேற்றது. எம்டனின் வீரக்கதைகளில் இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை; சொல்லியாக வேண்டும். 1913இல் கார்ல் ஃபான் முல்லர் கப்பல் தலைவரானார்.

போர் மூண்டதும் கிழக்காசியப் படைப்பிரிவின் தளபதி ஃபான் ஸ்பே தம் கப்பல்களுடன் தென் அமெரிக்காவை நோக்கிப் போக முடிவு செய்தார். எம்டன் மட்டும், மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலைத் துணைக்குக் கொண்டு, தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்டது. அந்தக் கடலில் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகம்கூட இல்லை. கரி தீர்ந்தால் கப்பல் முடிந்தது. ஆகவே எம்டன் போன பாதையைத் தீர்மானித்தது வீரத்தைவிட நிலக்கரிதான். செப்டம்பர் 10 அன்று வங்காள விரிகுடாவில் முதலில் சிக்கிய பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலில் இந்தியக் கரி இருந்தது. தரம் குறைந்தது, புகை அதிகம், வெகுதூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். பின்னர் இலங்கைக்கு மேற்கே பிடிபட்ட பியூரெஸ்க் கப்பலில் பிரிட்டிஷ் கடற்படைக்கென்றே அனுப்பப்பட்ட உயர்ந்த வேல்ஸ் கரி 6,000 டன்னுக்கு மேல் இருந்தது. எதிரியின் கரியிலேயே எதிரியை வேட்டையாடினார் முல்லர். பிரிட்டிஷ் குரூசர்போலத் தோன்ற, போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றையும் செய்து நிறுத்தியிருந்தார்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் எம்டனிடம் சிக்கின. மாலுமிகளையும் பயணிகளையும் இறக்கிக்கொண்ட பிறகே முல்லர் கப்பலை மூழ்கடித்தார். கபிங்கா என்ற கப்பலை மூழ்கடிக்காமல், பிடிபட்டவர்களை ஏற்றி விடுவித்தார். அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் அதில் இருந்தனர். முல்லரைப் பிரிட்டிஷ் செய்தித்தாள்களே பாராட்டின; போர்க்காலத்தில் இது அரிது.

சென்னைத் தாக்குதலின் நோக்கம் நகரை அழிப்பதன்று. ஆங்கிலேய ஆட்சி அசைக்க முடியாதது என்ற எண்ணத்தை இந்தியர் மனத்தில் அசைப்பது. போர் நடந்துகொண்டிருந்தபோதும் நகரில் விளக்குகள் எரிந்தன. உயர்நீதிமன்றக் கோபுரத்தின் மேலிருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் ஒளி வீசியது. இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பல் சேதமடைந்தது, சிலர் உயிரிழந்தனர். கரையிலிருந்த பீரங்கிகளின் பதில் குண்டுகள் எதுவும் எம்டன் மீது படவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வடக்கே போவதுபோல் விளக்குகளைக் காட்டிவிட்டு, அவற்றை அணைத்துத் தெற்கே திரும்பிவிட்டது கப்பல்.

பொருட்சேதத்தைவிட பீதி பெரிது. மறுநாளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். அவர்களோடு கப்பலின் பெயரும் போனது. கடலே இல்லாத திண்டுக்கல் சமவெளியிலும் சாமர்த்தியக்காரனை 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கம் நிலைத்தது. குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கிறது.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இந்தக் கப்பலில் இருந்தார் என்றும், குண்டு வீச வழிகாட்டியவர் அவரே என்றும் தமிழ்நாட்டில் உறுதியாக நம்பப்படுகிறது. இதற்குச் சான்றில்லை. எம்டன் 1910க்குப் பின் ஜெர்மனிக்கு வரவில்லை. 1914 ஆகஸ்டில் பசிபிக் தீவுகளிலிருந்து புறப்பட்டே இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. அந்த மாதங்களில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை நடத்தி, பிறகு பெர்லின் சென்றார். ஐரோப்பாவில் அவர் செய்த பணி தன்னளவிலேயே பெரியது. அதற்கு இந்தக் கதையின் துணை தேவையில்லை.

அக்டோபர் 9 அன்று எம்டன் டீகோ கார்சியா தீவை அடைந்தது. போர் தொடங்கிய செய்தியே அங்கிருந்தவர்களுக்கு எட்டியிருக்கவில்லை. அக்டோபர் 28 அதிகாலை பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் குரூசர் ழெம்சுக்கை டார்பிடோவால் மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் முஸ்கேயும் மூழ்கியது.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க, ஹெல்முட் ஃபான் மியூக்கெ தலைமையில் ஏறத்தாழ ஐம்பது பேர் கரையிறங்கினர். அதற்குள் நிலையத்தார் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிய கப்பல் வரிசை ஏறத்தாழ ஐம்பது கடல் மைல் தொலைவில்தான் போய்க்கொண்டிருந்தது. அதன் காவலிலிருந்து சிட்னி என்ற குரூசர் பிரிந்து விரைந்தது. அடிவானத்தில் புகை தெரிந்தபோது, கரி கொண்டுவரச் சொல்லியிருந்த பியூரெஸ்க் வருகிறது என்றே எம்டனில் முதலில் நினைத்தார்கள். சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, எட்டும் தூரமும் அதிகம். சிதைந்த கப்பலை முல்லர் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறை மீது ஏற்றி நிறுத்தினார். எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கரையில் விடப்பட்ட மியூக்கெயின் குழு ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்திரா சென்று, அரேபியா வழியாக 1915இல் இஸ்தான்புல்லை அடைந்தது. சிங்கப்பூரில் சிறையிருந்த எம்டன் மாலுமிகளில் சிலர், அங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் 1915 பிப்ரவரியில் கலகம் செய்தபோது தப்பினர். மால்டாவில் கைதியாக வைக்கப்பட்ட முல்லர் போரின் இறுதியில் நாடு திரும்பி, 1923இல் இறந்தார்; தம் போர் நினைவுகளை அவர் நூலாக எழுதவில்லை. பாறையில் கிடந்த எம்டனின் பீரங்கிகளில் ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிறுத்தப்பட்டது. மிஞ்சிய உடற்பகுதியில் பெரும்பங்கை 1950களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று பழைய இரும்பாக வெட்டி எடுத்தது.