சூசன் ஹாம்லினின் இரண்டு பேட்டிகள்

1937-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், நூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டியை இரண்டு பேர் தனித்தனியாகப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். பாட்டி பெயர் சூசன் ஹாம்லின். அடிமையாகப் பிறந்தவர். அவருடைய எஜமானர் எட்வர்ட் ஃபுல்லர்.

ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியிடம் "ஃபுல்லர் நல்ல மனுஷன்" என்கிற தொனியில் பேசியிருக்கிறார் பாட்டி. அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பினத்தவரிடம் சொன்னது வேறு: சாட்டையடி, பிள்ளைகளைப் பிரித்து விற்றபோது எழுந்த அலறல், ராத்திரி கல்யாணமான பெண்ணை விடிந்ததும் விற்றது, அந்தப் பெண்ணின் அம்மா தெருவில் நின்று எஜமானியைச் சபித்தது.

எது உண்மை? நான் லாட்சன் பக்கம்தான். காரணம் பட்லரின் குறிப்பிலேயே இருக்கு. தன்னை நலத்துறை ஆபீஸிலிருந்து வந்தவர் என்று பாட்டி நினைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பொருளாதார மந்த காலம். உதவிப் பணம் தரும் இடத்திலிருந்து ஆள் வந்தால் யார்தான் பழைய எஜமானரைத் திட்டுவாங்க? (எங்க ஆபீஸில் யூசர் இன்டர்வியூ நடக்கும்போது மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், எல்லாருக்கும் எல்லாமே "சூப்பரா இருக்கு சார்" ஆகிவிடும்.)

இவை வேலையில்லாத எழுத்தாளர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய திட்டத்தில் எடுத்தவை. 1936 முதல் 1938 வரை, 17 மாநிலங்களில் 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகள். ஜான் லோமாக்ஸ் பொதுவான கேள்விப் பட்டியல் ஒன்றும் தயாரித்துக் கொடுத்தார்: என்ன சாப்பிட்டீங்க, என்ன உடுத்தினீங்க, என்ன தண்டனை கொடுத்தாங்க. கேள்வி ஒன்றுதான். ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்.

இன்னொரு சிக்கல் ஆள் தேர்வில். அடிமை முறை ஒழிந்தது 1865-இல். 1937-இல் 80 வயதானவருக்கு அப்போது 8 வயசு. வயலில் முதுகொடிய உழைத்த தலைமுறை பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. கிடைத்தவை முக்கால்வாசி சின்ன வயசு நினைவுகள்தான்.

வரலாற்றாசிரியர் ஜான் பிளாசிங்கேம் இந்தக் குறைகளை 1975-இல் விரிவாக எழுதினார். ஃபிரெடரிக் டக்ளஸ் போல அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் எழுதிய சுயசரிதைகளையே அவர் அதிகம் நம்பினார். அதுவும் சரிதான், ஆனா தப்பி ஓட முடிந்து, எழுதப் படிக்கவும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அதிலும் பெண்கள் எத்தனை பேர்? சூசன் மாதிரி ஒருத்தரின் குரல் வேண்டுமென்றால் இந்தப் பேட்டிகளுக்குத்தான் திரும்பி வரணும்.

இப்போதெல்லாம் அந்தத் தொகுப்பைத் திறந்தால் முதலில் பேட்டி எடுத்தவர் பெயரைத்தான் பார்க்கிறேன்.