ஏழை: ஒரு சொல்லின் வரலாறு

வறுமை நிலையைச் சுட்டும் சொற்களுக்குத் தமிழில் என்றும் குறைவிருந்ததில்லை. இன்மை, மிடி, நல்குரவு, இலம்பாடு, ஒற்கம் எனப் பல சொற்கள் பண்டு வழங்கின. இவற்றுள் இலம்பாடும் ஒற்கமும் வறுமைப் பொருளன என்று தொல்காப்பியர் உரியியலில் குறிக்கின்றார். வள்ளுவரோ உழவினை அடுத்து நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்று அதிகாரங்களை நிரலாக அமைத்துள்ளார். ஆயினும், வறியவரைக் குறிக்க இன்று மக்கள் நாவில் நிலைபெற்றுள்ள சொல் இவற்றின் வழிவந்ததன்று. ‘ஏழை’ என்பதே அச்சொல்.

பண்டை வழக்கில் ஏழை என்பது அறிவிலியைக் குறித்தது. துணையின்றித் தனித்து நின்று பலருடைய பகையைத் தேடிக்கொள்பவனைத் திருக்குறளின் பகைத்திறந்தெரிதல் அதிகாரம் ஏழை என்கின்றது. அங்குப் பேசப்படுவது அவனது அறியாமையே, பொருளின்மை அன்று. பெண் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. திருவெம்பாவையில் இறைவன் ஏழை பங்காளன் எனப்படுகின்றான். அங்கு ஏழை, அவன் உடலில் ஒரு பாகம் பெற்ற உமையம்மை. அதே தொடர் இருபதாம் நூற்றாண்டில், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கிய காமராசருக்குப் புகழ்மொழியாயிற்று. அப்போது அதன் பொருள் வறியோரின் துணைவர் என்பதாகும். தொடர் மாறவில்லை, பொருள் முற்றிலும் மாறிவிட்டது.

இம்மாற்றத்திற்கு இணையான சான்று, தமிழும் தெலுங்கும் கைகோக்கும் எல்லையூராகிய ஆரம்பாக்கத்தில் எட்டும் தொலைவிலேயே உள்ளது. தமிழில் பேதை என்றால் அறிவிலி. பெண்ணின் ஏழு பருவங்களுள் முதற்பருவத்தினளும் பேதையே. தெலுங்கில் இதனோடு உறவுடைய ‘பேத’ என்னும் சொல் வறியவரைக் குறிக்கும். ‘பேதவாடு’ என்றால் ஏழை மனிதன். ஆக, அறியாமை, பெண்மை, வறுமை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும் மனப்போக்கு ஏழை என்பதோடு நின்றுவிடவில்லை. வலிமையற்றோர், இரங்கத்தக்கோர் என்னும் கருத்தே இப்பொருள்களை இணைக்கும் பாலமாயிற்று எனலாம்.

இவ்விடத்துக் கருதத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. இன்மை, நல்குரவு போன்ற சொற்கள் ஒருவருக்கு நேர்ந்த நிலையைச் சொல்வன. ஏழை என்பதோ ஆளையே சுட்டுவது. அதன் அடியில் அறிவில்லார் என்னும் பழம்பொருளும் உறங்குகின்றது. சமையலை மறந்த அடுப்பையும், பாலின்றி அழும் குழந்தையையும் குமணனிடம் எடுத்துரைத்த பெருந்தலைச் சாத்தனார், தம் நிலையைச் சொன்னாரேயன்றித் தம்மைத் தாழ்த்திக்கொண்டாரில்லை. உப்பின்றி வெந்த கீரையைப் பிறர் காணாதபடி கதவடைத்து உண்ட குடும்பத்தைச் சிறுபாணாற்றுப்படையில் காட்டும் நல்லூர் நத்தத்தனாரும், அவ்வறுமைக்கிடையே அவர்தம் மானத்தையே முன்னிறுத்துகின்றார்.

மக்கள் வழக்கில் வேரூன்றிய சொல்லை விலக்குதல் இயலாது, வேண்டுவதுமன்று. ஆயின், உழைத்தும் கூலி போதாத ஒருவரை ஏழை என எழுதும் கவிஞர், அச்சொல் சுமந்துவந்த பழம்பழியை அறிந்து எழுதுதல் வேண்டும். அவரிடம் இல்லாதது பொருளே, அறிவன்று.