கிளியர் ஏரிச் சிறுகொசு

கிளியர் ஏரிச் சிறுகொசு என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள கிளியர் ஏரியில் பெருந்திரளாக வாழ்ந்த பூச்சியினம். இதன் அறிவியல் பெயர் கயோபோரஸ் அஸ்டிக்டோபஸ். பார்வைக்குக் கொசுவைப் போலிருந்தாலும் இது கடிப்பதில்லை. இதன் புழுக்களை ஒழிக்க எடுத்த முயற்சிதான், நீரில் கலந்த நஞ்சு உணவுச் சங்கிலியில் படிப்படியாகத் திரண்டு மேலேறும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியது.

வாழ்வும் உணவும்

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். உடலின் முன்னும் பின்னுமாக உள்ள காற்றுப்பைகள் மட்டுமே கண்ணில் படும். நீரில் ஏறவும் இறங்கவும் அவை உதவுகின்றன. பகலில் ஏரியடிச் சேற்றில் பதுங்கும் புழு, இருட்டியதும் மேலே வந்து நுண்ணிய நீருயிர்களை உணர்கொம்புகளால் பற்றித் தின்னும். அந்தப் புழுவை மீன் தின்னும். மீனைப் பறவை தின்னும். வளர்ந்து சிறகு முளைத்தபின் கரைக்குப் பறந்து வரும் பூச்சிகள் சிலந்திக்கும் தரைப்பறவைக்கும் இரையாகின்றன. இப்படி ஏரியின் சத்தை நிலத்துக்குக் கொண்டு சேர்ப்பதும் இச்சிறு பூச்சியே.

ஒழிப்பு முயற்சி

எந்த உயிர் எதைத் தின்கிறது என்ற தொடர்பை உணவுச் சங்கிலி என்ற கருத்தாக வளர்த்து, சூழலியலின் அடிப்படைகளுள் ஒன்றாக நிலைநிறுத்தியவர் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் எல்டன். அவரது ‘விலங்குச் சூழலியல்’ நூல் 1927-இல் வெளிவந்தது. எனினும் கிளியர் ஏரியில் பூச்சியை ஒழிக்கத் திட்டமிட்டவர்கள், அதைத் தின்று வாழும் உயிர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. கோடைக்காலத்தில் விளக்குகளை மொய்த்த பூச்சிகள் கரையோரக் குடியிருப்பினருக்கும் மீன்பிடிக்க வருவோருக்கும் பெருந்தொல்லையாக இருந்தன. 1949-இல் டி.டி.டி. எனும் பூச்சிக்கொல்லி, 7 கோடிப் பங்கு நீருக்கு 1 பங்கு வீதம் ஏரியில் கலக்கப்பட்டது. பூச்சிகள் குறைந்து மீண்டும் பெருகவே, 1954-இலும் 1957-இலும் அளவு கூட்டப்பட்டு, 5 கோடிக்கு 1 பங்கு வீதம் கலக்கப்பட்டது.

முக்குளிப்பான்களின் மரணம்

குஞ்சுகளை முதுகில் சுமந்து நீந்தும் மேற்கத்திய முக்குளிப்பான்கள் அந்த ஏரியில் ஆயிரம் இணைகளுக்கு மேல் கூடு கட்டிவந்தன. 1954-க்குப் பின் அவை கூட்டமாக மடியத் தொடங்கின. தொற்றுநோய் என்று தேடியவர்களுக்கு அதற்கான தடயம் கிட்டவில்லை. இறந்த பறவைகளின் கொழுப்பை ஆராய்ந்தபோது பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு டி.டி.டி. இருந்தது. ஏரியில் கலந்ததோ பத்து லட்சத்துக்கு 0.02 பங்கு. அதாவது 80,000 மடங்கு! மிதவை நுண்ணுயிர்களில் ஏறத்தாழ 5 பங்காக இருந்தது, மீன்களின் கொழுப்பில் நூற்றுக்கணக்கான பங்காகி, பறவையைச் சேர்ந்திருந்தது. டி.டி.டி. நீரில் கரைவது அரிது, கொழுப்பில் எளிதில் தங்கும். எனவே ஒவ்வொரு வேளை உணவோடும் உடலில் சேர்ந்துகொண்டே போனது. நீரைச் சோதித்தால் நஞ்சு இல்லை. உயிர்களிலோ அது நிறைந்திருந்தது. 1960 அளவில் சுமார் 30 இணைகளே மிஞ்சின. அவையும் குஞ்சு பொரிக்கவில்லை.

பின்விளைவு

1962-இல் ரேச்சல் கார்சன் தம் ‘மௌன வசந்தம்’ நூலில் இந்த ஏரியின் கதையை விரிவாக எழுதினார். டி.டி.டி. கைவிடப்பட்டு வேறு பூச்சிக்கொல்லி வந்தது. அதையும் தாங்கும் திறனைப் பூச்சிகள் பெற்றன. எனவே 1967-இல், பூச்சிகளைக் கட்டுப்படுத்த, வெளியிலிருந்து கொண்டுவந்த சிறு மீனினம் ஒன்று ஏரியில் விடப்பட்டது. காலப்போக்கில் முக்குளிப்பான்கள் மீண்டும் குஞ்சு பொரித்தன. இன்று புதிய பூச்சிக்கொல்லியைச் சோதிக்கும்போது, அது குறிவைக்கும் பூச்சியைக் கொல்கிறதா என்பதோடு, உயிர்களின் உடலில் தங்குமா என்றும் ஆராய்கிறார்கள். புழுவுக்கு இட்ட நஞ்சு பறவைக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்ட பிறகே அந்தக் கேள்வி வலுப்பெற்றது.