இருபதை அடியாகக் கொண்ட எண்ணும் பத்தை அடியாகக் கொண்ட தேர்வும்: கட்சாலில் இருந்து ஒரு பார்வை

கட்சாலை உள்ளடக்கிய நடு நிக்கோபார்த் தீவுகளின் மொழியில் எண்கள் இருபதை அடியாகக் கொண்டவை. நூறு என்பது அங்கே ஐந்து இருபது. இருபது இருபதுகளுக்கு, அதாவது 400க்கு, தனிச்சொல் உண்டு. தேங்காய்களை இணை இணையாக எண்ணி, மூங்கில் அல்லது பிரம்புச் சீவலில் கீறலிட்டுக் கணக்கு வைத்தனர். நடு நிக்கோபார் மொழிக்கு 1889-இல் அகராதி வெளியிட்ட இ. எச். மேன் இம்மரபைப் பதிவு செய்தார். ஆர். சி. டெம்பிள் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் அதனை விரிவாக விளக்கினார்.

இதே தீவின் ரப்பர்த் தோட்டத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழரும் குடியமர்த்தப்பட்டனர். தமிழ்க் கணிதக் கல்விக்கும் எழுத்துத் தேர்வு சாராத மரபு உண்டு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மாணவர் நாள்தோறும் உரக்க ஒப்பித்தனர். சட்டாம்பிள்ளை அதனைக் கேட்டுத் திருத்தினார். நெல்லளவும் நிலவளவும் வாய்க்கணக்காகவே வினவப்பட்டன. ஆனால் அம்மரபைப் போற்றிப் பாடுவதற்கில்லை. பிரம்படியும் சாதி விலக்கும் அதன் பகுதிகளாகவே இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்ச்சியைப் பொறுத்துப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறை சென்னை மாகாணத்தில் பரவியபோது, ஆய்வாளர் முன் நடக்கும் ஆண்டுத் தேர்வே கற்றலின் அளவுகோலாயிற்று.

இவ்வளவுகோலை மாற்றும் முயற்சி அண்மைக் காலத்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழிவழிக் கல்வியையும், குழந்தையின் புரிதலையும் அதனைப் பயன்படுத்தும் திறனையும் அறியும் தொடர் மதிப்பீட்டையும் வலியுறுத்துகிறது. அந்தமான் நிக்கோபார்ப் பள்ளிகள் பின்பற்றும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் அதே ஆண்டில் தொடர், முழுமை மதிப்பீட்டை 9, 10ஆம் வகுப்புகளில் கொண்டுவந்தது. எனினும், 2017-18 கல்வியாண்டில் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று.

நூறு தேங்காய்களை ஐந்து குவியலாகப் பிரித்து எண்ணும் குழந்தைக்குத் தொகுத்தல், பெருக்கல் ஆகிய இரண்டும் தெரியும். விடைத்தாளில் அவ்வழி பதிவாவதில்லை. விடை மட்டுமே பதிவாகிறது. அது தவறினால், குழந்தைக்குக் கணக்கே தெரியாது என முடிவு கட்டப்படுகிறது. எண்ணிய வழியைத் தாய்மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்பதும், கையால் செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பதும் சலுகைகள் அல்ல. சட்டம் கோரும் ‘புரிதலை’ அறிய ஆசிரியருக்குள்ள நேரான வழிகள் அவையே.