ஏழையர் குடியிருப்பில் பிறந்த கல்விமுறை

மாண்டிசோரி பள்ளி என்றால் உயர்ந்த மதிலும் பெருங்கட்டணமும் உடைய இடம் என்றே நம்மவர் பலர் இன்று எண்ணுகின்றனர். பெயர்ப்பலகையைக் கண்டே ஒதுங்கிச் செல்லும் பெற்றோரும் உளர். ஆனால், அக்கல்விமுறை செல்வர் மாளிகையில் தோன்றியதன்று. உழைத்துண்ணும் மக்களின் குழந்தைகளுக்கென்றே தோன்றியது. இவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை ஏளனம் செய்த காலத்தில், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவு வளர்ச்சி குன்றியோர் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடையே பணியாற்றி, தக்க முறையில் கற்பித்தால் அவர்களும் எழுதப் படிக்கக் கற்பர் என்று காட்டினார். அவ்வாறாயின், ஏனைய குழந்தைகளைப் பின்தங்க வைப்பது எது என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது.

விடை காணும் வாய்ப்பு ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் கிடைத்தது. அங்கே கட்டட நிறுவனம் ஒன்று ஏழைகளின் குடியிருப்புகளைப் புதுப்பித்திருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழ்படுத்தினர். கட்டடத்தைக் காக்கும் பொருட்டே அக்குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்க நிறுவனம் முனைந்தது. அம்மையாரோ கட்டடத்தைவிடக் குழந்தைகளைப் பெரிதாகக் கருதினார். 1907 ஜனவரி 6ஆம் நாள் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பெற்றது.

கைக்கு எட்டும் உயரத்தில் பொருள்களும், உடலுக்கேற்ற நாற்காலிகளும் அமைந்தன. அச்சமின்றித் தாமே தேர்ந்து செய்த வேலையில் குழந்தைகள் ஆழ்ந்தனர். ஒரு நாள் மூக்கைத் தூய்மை செய்யும் முறையை அம்மையார் செய்து காட்ட, குழந்தைகள் கைதட்டி மகிழ்ந்தனராம். அதுவரை அதன்பொருட்டு அவர்களை இழித்துரைத்தவர் உண்டு. அமைதியாகக் கற்றுக்கொடுத்தவர் இல்லை. இழிவுரை கேட்டு வளர்ந்த நம் சமுதாயத்திற்கு அக்கைதட்டலின் பொருள் நன்கு விளங்கும்.

எழுத்தறியாத தாய்மார் தம் மக்களுக்கு எழுத்துக் கற்பிக்குமாறு வேண்டினர். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய குழந்தைகள், நான்கைந்து வயதிலேயே எழுதத் தொடங்கினர்.

குடும்பங்களும் பயன் பெற்றன. இல்லம் குடியிருப்பிலேயே இருந்ததால், தாய்மார் கவலையின்றி வேலைக்குச் சென்றனர். கட்டணம் இல்லை, ஆனால் கடமை உண்டு. குழந்தையைத் தூய்மையாக அனுப்புவதும், வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையைக் கண்டு பேசுவதும் பெற்றோரின் பொறுப்பாக விதிக்கப்பட்டன.

1939இல் அம்மையார் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதே அடையாற்றுப் பகுதியில்தான் 1894இல் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்.

இம்முறையை இந்திய நாட்டு ஏழைகளிடம் கொண்டு சென்றவருள் தாராபாய் மோடக் அம்மையார் சிறந்தவர். 1945இல் மகாராட்டிரக் கடலோரச் சிற்றூரான போர்டியில் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் துணைநின்றார். விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாகக் கல், கிளிஞ்சல், விதை, இலை ஆகியவற்றையே பயன்படுத்தினர். பள்ளிக்கு வாராத குழந்தைகளின் முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டு சென்றனர். பின்னர் கோஸ்பாட்டில் பழங்குடிக் குழந்தைகளிடையே பணிபுரிந்தபோது, குழந்தைக் காப்பகத்தையும் பள்ளியையும் ஒருங்கே அமைத்தனர். தம்பி தங்கையரைச் சுமந்து வீட்டிலிருந்த சிறுமியரும் அதனால் படிக்க வழி பிறந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? இக்கல்விக்கு உயிர் பொருட்செலவு அன்று. குழந்தையை மதிக்கும் மனமே. நம் தெருவின் அங்கன்வாடியை வெறும் உணவு வழங்கும் இடமாகக் கருதி விட்டுவிடலாகாது. பெற்றோர் வாரம் ஒருமுறை அங்கே சென்று குழந்தை கற்பது என்ன என்று கேட்டல் வேண்டும். படித்த இளைஞர்கள் விதையும் கிளிஞ்சலும் சேர்த்து, எழுத்து அட்டைகள் செய்து தருதல் வேண்டும். ஏழைக் குழந்தைகளுக்கென்று பிறந்த கல்வி கட்டணத்திற்குள் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு வாளாவிருத்தல் நமக்கு அழகன்று. நமக்குரியதை நாமே மீட்போம்!