நாற்பது பேரும் ஓலைக்கூரையும்: சுரண்டை வட்டாரத்துச் சபைகளின் வரலாறு

தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் வட்டத்தில் உள்ள சுரண்டை, 19-ம் நூற்றாண்டில் சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனரி சங்கத்தின் திருநெல்வேலிப் பணித்தலங்களில் ஒன்றாக இருந்தது. அண்டையில் நல்லூரும் பாவூரும் அதே வரிசையில் வந்த ஊர்கள். இந்த வட்டாரத்துச் சபைகளின் தொடக்கம் சுரண்டையில் இல்லை. கிழக்கே பாளையங்கோட்டையில், ஒரு விதவையின் வீட்டில் இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமைக்கு கிறிஸ்தவம் முதலில் வந்தது கடற்கரை வழியாக. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். உள்நாட்டில் வடக்கன்குளம், காமநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கச் சபைகள் வேரூன்றின. சீர்திருத்தச் சபைகளின் கதை வேறு. அதற்கு அரசரோ படையோ துணை நிற்கவில்லை.

தஞ்சாவூர் அரண்மனையோடு தொடர்புடைய மராட்டிய பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த பெண் ஒருவர், கணவரை இழந்த பின் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்தார். தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டபோது, மணமுறையின்றி வாழ்ந்த அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி அவர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்பது அவர் பெற்ற பெயர். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் இருப்பவர்கள் நாற்பது பேர்தான். அதில் முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. பின்வரும் பெயர்கள் பல சாதியினருடையவை. ஒருமுறை மறுக்கப்பட்ட பெண்ணின் பெயர் பட்டியலின் முதலிடத்தில் நிற்பது, இந்தச் சபை யாரைக் கொண்டு தொடங்கியது என்பதற்குப் போதிய சான்று. அவர் முயற்சியால் எழுந்த சிற்றாலயத்தை 1785 ஆகஸ்ட் 24 அன்று சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். ஊர் மக்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றே அழைத்தார்கள்.

அந்தச் சிறு கூட்டத்தைப் பராமரிக்க வந்தவர் சத்தியநாதன். உபதேசியாராக இருந்த அவர் 1790 டிசம்பர் 26 அன்று தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவர் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சானது. தென் தமிழகத்துச் சிற்றூர்களில் நடந்து திரிந்து போதித்தவர்கள் அவரைப் போன்ற உபதேசியார்களே. அவர்களில் சாத்தான்குளம் அருகே காலன்குடியைச் சேர்ந்த டேவிட் சுந்தரானந்தம் தன் உறவினரிடமே முதலில் பேசினார். பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர், ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன. ஒதுங்கி வாழ இடம் தேடி, எவரெட் என்ற கேப்டனின் உதவியோடு 1799-ல் சிறிது நிலம் வாங்கிக் குடியேறினர். அந்த ஊர்தான் முதலூர். 1802-ல் மிஷனரி ஜெரிக்கே ஐயர் வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். தொடர்ந்து சத்தியநாதனிடம் பெற்றவர்களும் ஏராளம்.

பெருகிய வேகத்துக்கு ஏற்ப மேய்ப்பர்கள் இல்லை. மற்றொரு மிஷனரியான ஜேனிக்கே 1800-லும் ஜெரிக்கே 1803-லும் இறந்தனர். 1811-ல் கொள்ளைநோய் வந்தது. பலர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினர். 1816-ல் பாளையங்கோட்டைக்கு இராணுவக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், சிதறிக் கிடந்த சுமார் மூவாயிரம் பேரைக் கண்டார். வெளிநாட்டு மிஷனரி எவரும் நிலையாகத் தங்காத காலத்தில் இந்த எண்ணிக்கை எஞ்சி நின்றது என்பதே வியப்புக்குரியது. அதைக் காத்தவர்கள் பெயர் பதிவாகாத உபதேசியார்களும் ஜெபவீட்டுக்குக் கூரை வேய்ந்த குடும்பங்களும்.

ஹஃப் விடுத்த வேண்டுகோளின் பேரில் 1820-ல் சி.எம்.எஸ். சார்பில் இரேனியஸ் ஐயர் வந்து சேர்ந்தார். உபதேசியார்களை அவ்வப்போது பாளையங்கோட்டைக்கு வரவழைத்து, வேதபாடம் கற்பித்து, ஊருக்கு அனுப்புவது அவர் முறை. ஊர்தோறும் சிறு பள்ளி திறந்தார், பெண்பிள்ளைகளும் படித்தார்கள். துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கித் தர 1830-ல் தரும சங்கம் நிறுவினார். பிரஷ்யப் பிரபு டோனாவின் உதவியால் உருவான குடியிருப்பு இன்றைய டோனாவூர். குருப்பட்ட விவகாரத்தில் சி.எம்.எஸ். சங்கத்தோடு மோதி 1835-ல் பிரிந்தாலும், 1838 ஜூன் 5 அன்று அவர் இறந்த பின் பிளவுபட்ட சபைகள் மீண்டும் ஒன்றாயின.

முதலூர் போன்ற செம்மணல் தேரிக்காட்டு ஊர்களைப் போல ஒரே ஊராகத் திரண்ட பெருங்குடியிருப்புகள் மேற்கே சுரண்டை வட்டாரத்தில் அவ்வளவாக இல்லை. குளத்துப் பாசனமும் மானாவாரிப் புஞ்சையும் கலந்த சிற்றாற்றுப் பகுதியில் சபை என்பது ஓர் ஊரில் சில குடும்பங்கள், அடுத்த ஊரில் இன்னும் சில குடும்பங்கள். மண்சுவர், ஓலைக்கூரை, பகலில் பள்ளி, மாலையில் ஜெபம்: ஒரே கட்டடம் இரண்டுக்கும் உதவியது. ஆசிரியரே பெரும்பாலும் உபதேசியார். நல்லூரில் சி.எம்.எஸ். மிஷனரி ஷாஃப்டர் ஐயர் தங்கிப் பணிசெய்தார். இந்தச் சிறு சபைகளைச் சேர்த்துக் கட்டியதுதான் சேகரம் என்ற அமைப்பு. பல ஊர்ச் சபைகள், ஒரு சேகர குரு, அவருக்குக் கீழே உபதேசியார்கள் என்ற அந்த ஏற்பாடு இன்றும் நடப்பில் இருக்கிறது.

பணம் கொடுக்க வசதியில்லாதவர்களின் காணிக்கைதான் இந்தச் சபைகளை நிமிர்த்தியது. உலைக்கு அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை, பெண்கள் கையிலிருந்த செல்வம். அறுவடைக் காலத்தில் நெல்லும் சோளமும் வந்தன. ஊழியர் சம்பளத்தின் பாரத்தைச் சபைகள் மெல்ல மெல்லத் தாமே சுமக்கத் தொடங்கின. 1830-ல் ஜான் தேவசகாயம் சி.எம்.எஸ். பணிக்களத்தில் குருப்பட்டம் பெற்ற பிறகு உள்ளூர்க் குருக்கள் பெருகினார்கள். 1877-78 பஞ்சத்தில் நிவாரணம் தேடி வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். வயிற்றுப் பசிக்காக வந்தவர்கள் என்று சிலர் இகழ்ந்தார்கள். அது நியாயமான தீர்ப்பு அல்ல. பஞ்சம் நீங்கிய பின்னும் அவர்களில் பலர் தங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

நாற்பது பேரில் தொடங்கிய சபை, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்து, மறு ஆண்டே தன் மிஷனரியைத் தெலுங்கு நாட்டு டோர்ணக்கலுக்கு அனுப்பியது. அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலி அதன் திருமண்டலங்களில் ஒன்றாயிற்று. 2003-ல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியே பிரிந்தது. சுரண்டைச் சபைகள் திருநெல்வேலித் திருமண்டலத்திலேயே நீடிக்கின்றன.