பெலோட்டான்: காற்று சுற்றிய நூற்கண்டு

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் நினைவிருக்கும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தோளோடு தோள் உரச, சாலையை அடைத்துக்கொண்டு மிதித்து வருவார்கள். அந்தத் திரளுக்குப் பெலோட்டான் என்று பெயர். ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வந்தவர்கள் மணிக்கணக்காக ஏன் பிரியாமல் வருகிறார்கள்?

லத்தீனில் பிலா என்றால் பந்து. அந்த வழியில் வந்த பிரெஞ்சுச் சொல் பெலோட், உருண்டையையும் நூலுருண்டையையும் குறிப்பது. பாஸ்க் மக்களின் பெலோட்டா என்னும் பந்தாட்டமும் ஆங்கிலத்தின் பெல்லட்டும் இதற்குப் பங்காளிகள். பெலோட்டான் என்றால் சிறு நூற்கண்டு. நெருக்கித் திரண்டு நின்ற ஆட்களை அப்படிச் சொன்னார்கள். பிறகு சிறு காலாட்படைப் பிரிவுக்கும் அதுவே பெயராயிற்று. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை வாங்கிப் பிளாட்டூன் ஆக்கிக்கொண்டது. சைக்கிள் பந்தயத்துக்கு அது வந்தது அதற்கெல்லாம் வெகு பின்னால்.

ஆனாலும் படைப்பிரிவோடு இந்த வரலாற்றை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. படையைச் சேர்த்துவைப்பது கட்டளை. இந்தக் கூட்டத்துக்குத் தளபதி கிடையாது. இதைக் கண்டாகச் சுற்றிவைத்திருப்பது காற்று.

காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அதை வெல்ல மிதிக்க வேண்டிய திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. குனிந்து மிதிக்கும் ஒருவர் தனியாக மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால் காற்றுக்குக் கொடுப்பது சுமார் 22 வாட். 36 கிலோமீட்டரில் அது 180 வாட். 45ஐத் தொட்டால் 350! கடைசி 9 கிலோமீட்டருக்கு உழைப்பு ஏறக்குறைய இரட்டித்துவிடுகிறது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருபவருக்கு இந்தக் கணக்கே மாறும். 1899இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் சார்லஸ் மர்ஃபி, ஓடும் ரயிலின் பின்னால் தண்டவாளங்களுக்கிடையே பலகை பாவிய பாதையில் மிதித்து, ஒரு மைலை 57.8 விநாடியில் கடந்தார்.

பெலோட்டானுக்குள் எவ்வளவு மிச்சம் என்பதை நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழு 2018இல் ஆராய்ந்தது. 121 பேர் கொண்ட திரளைக் காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் சோதித்தார்கள். நடுவிலும் பின்னாலும் புதைந்து வருபவரைத் தாக்கும் காற்றெதிர்ப்பு, தனியே போகிறவருக்கு உள்ளதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான். எனக்கு இது இன்றும் வியப்பு.

காற்று பக்கவாட்டில் வீசினால் கண்டு உருமாறும். ஒருவர் மறைவில் ஒருவராகச் சாலையின் குறுக்கே சாய்வரிசை கட்டுவார்கள். ஆங்கிலேயர் இதற்கும் பிரெஞ்சுப் படைச்சொல்லான எஷலானையே எடுத்துக்கொண்டார்கள். ஏணியிலிருந்து வந்தது அது. பிரெஞ்சுக்காரர் சொல்வதோ எவாந்தாய், டச்சுக்காரர் சொல்வது வாயர். இரண்டுக்கும் பொருள் விசிறி. காற்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள் வைத்த பெயர் அதுதான் என்று தோன்றுகிறது.

தன் அணியின் தலைவனுக்காக எதிர்க்காற்றை வாங்கிக்கொள்பவருக்கு டொமெஸ்டிக், அதாவது வீட்டு வேலைக்காரர், என்று பெயர். 1911இல் டூரின் நிறுவனர் ஆன்ரி தெக்ராஞ்ச், மோரீஸ் புரோக்கோ என்ற வீரரை இழித்துச் சொன்ன சொல் அது. இன்று மரியாதையோடு வழங்குகிறது. அந்த மரியாதை தாமதமாக வந்தது என்பேன்.

மலையேற்றத்தில் கண்டு பிரிந்துவிடும். நூற்றுக்கு எட்டு என்ற ஏற்றத்தில் அதே 18 கிலோமீட்டர் வேகத்துக்குப் புவியீர்ப்பு மட்டும் 300 வாட் கேட்கும். காற்றின் பங்கு அதே 22தான். அடுத்தவர் முதுகு அங்கே பெரிதாக உதவாது. பின்தங்கியவர்கள், கெடு நேரத்துக்குள் போய்ச் சேர, கணவாய்களுக்கு இடையிலுள்ள சமவெளியில் காற்றைப் பகிர்ந்துகொள்ளத் தங்களுக்குள் ஒரு கூட்டம் சேர்ப்பார்கள். இத்தாலியர் அதைக் குருப்பெட்டோ, சிறு குழு, என்பார்கள். பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் பஸ்.